அப்பாவின் கணினிக்குப் புதிய டிஸ்க்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காதுகுத்து நல்லபடியாக நடந்தேறியதில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே கத்திரி வெயில் வெளியே தலைகாட்ட விடவில்லை. இரண்டு வாரமாக அப்பாவின் பழைய கணினியோடுதான் என் பொழுது கழிகிறது.

2010-இல் வாங்கிய அந்த விண்டோஸ் 7 கணினியை நீ பார்த்திருக்கிறாய். பாலாற்றங்கரை ஊர்களில் அவர் கேட்டுக் கேட்டு எழுதிய நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும் அதில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் அது தயாராகவே ஐந்து நிமிடம் பிடித்தது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் உள்ளிருந்து டக், டக் என்று ஓசை வந்தது. டிஸ்க்கின் நிலையைச் சோதிக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது, தகவல் எழுதப்படும் சிறு பகுதிகளான செக்டார்கள் பல பழுதாகிவிட்டிருந்தன. கடைக்காரர் கணினியையே மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வந்தேன்.

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் சுத்தமான வழி என்பார்கள். ஆனால் அப்பா தட்டச்சு செய்தவை, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் இன்றைய பொது முறையான யூனிகோடில் இல்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம் குறியேற்றத்தில் இருப்பவை. அதற்குரிய எழுத்துருக்கள் இல்லாத கணினியில் அந்தப் பாட்டுகள் வெறும் கொம்பும் கோடும் போட்ட ரோமன் எழுத்துகளாகத்தான் தெரியும். ஆகவே எழுத்துரு உட்பட அனைத்தும் அப்படியே வந்துவிடும்படி, குளோன்ஸில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுத்தேன். இடையில் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தும், பழுதான செக்டார்களில் அது தயங்கித் தயங்கி நின்ற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு தவறும் செய்தேன். கணினி தொடங்கும்போது இயங்கும் பயாஸில், டிஸ்க்கோடு பேசும் முறை ஐடிஇ என்றிருந்ததை எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஹெச்சிஐ என்று மாற்றியதும் நீலத்திரை விழுந்துவிட்டது. பழையபடி ஐடிஇக்கே திருப்பி, விண்டோஸுக்குள் போய், அதன் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற பகுதியின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிவிட்டு மீண்டும் மாற்றியபின் சரியாயிற்று. நீ செய்வதாயின் இந்த வரிசையை மறவாதே.

அந்தக் கணினியின் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் வழி சாட்டா 2 வகை. நொடிக்கு 300 எம்பிக்கு மேல் கடத்தாது. ஆகவே எஸ்எஸ்டியின் முழு வேகம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பழைய டிஸ்க்கின் தட்டில் வேண்டிய இடம், அதைப் படிக்கும் முனையான ஹெட்டுக்கு அடியில் வந்து சேர்வதற்கே சராசரியாக 4 மில்லிவிநாடி காத்திருக்க நேர்ந்த நிலை போய்விட்டதால், இப்போது அரை நிமிடத்தில் திரை வந்துவிடுகிறது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால் இணைய இணைப்பை மட்டும் எடுத்துவிட்டேன்.

பழைய டிஸ்க்கை அழிக்காமல் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கும் என்பதால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் நகல் எடுத்தாயிற்று. இனி ஒவ்வொரு பாட்டாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். நேற்று முதலில் திறந்தது ஓர் ஒப்பாரி. பாடியவரின் ஊரையும் வயதையும் அப்பா கீழே குறித்திருந்தார்.

உன் கணினியும் இப்படித்தான் ஓசையிடுகிறது என்று எழுதியிருந்தாய். அதை இனி இயக்காதே. டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் வைத்து, ஞாயிறு காலை ஆரணியிலிருந்து பஸ் ஏறிவிடு. மதியச் சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
உன் நண்பன்