தீபாவளியைத் தடுத்த தடைப் பட்டியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைத் தெரு என்று நம் மூத்தோர் அழைக்கும் பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பூசைப் பொருள் வணிகம் செய்துவரும் நான், சென்ற தீபாவளிக்கு முதன்முறையாக இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். அதில் நேர்ந்தது தங்கள் நாளிதழின் வருமானத்தையும் தொடுவதால் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் 600 வெள்ளி (ரிங்கிட்) கரைந்த பிறகு, விளம்பரம் எங்கெங்கே தோன்றியது என்னும் அறிக்கையை என் மகள் திறந்து காட்டினாள். எங்கள் குத்துவிளக்கு, சிறுபிள்ளைகள் வண்ணம் தீட்டும் செயலிகளிலும், கைத்தொலைபேசியை டார்ச்சாக மாற்றும் ஒரு செயலியிலும்தான் பெரும்பாலும் எரிந்திருந்தது. (விளக்குக்கு விளக்கு பொருத்தம் என்று கணினி நினைத்ததோ என்னவோ!) தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றுகூட அந்த அறிக்கையில் இல்லை.

விளம்பர முகவரைக் கேட்டபோது, தம் நிறுவனத்தின் தடைப் பட்டியலே காரணம் என்றார்கள். விபத்து, வன்முறைச் செய்திகளுக்குப் பக்கத்தில் விளம்பரம் வராதிருக்க ஆங்கிலத்தில் தொகுத்த சொற்களை, எந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ‘தீ’ இருந்தது, ‘வெடி’ இருந்தது, ‘சுட்ட’ என்பதும் இருந்தது. தமிழில் ஒரு சொல் தீயில், தீக்கு, தீயினால் என்று உருபேற்று நீள்வதால், முழுச் சொல்லைத் தேடினால் அகப்படாது என்று கருதி, சொல்லின் பகுதி பொருந்தினாலும் தடுக்கும்படி வடிகட்டியை அமைத்துவிட்டார்கள். விளைவு, ‘தீ’யில் தொடங்கும் தீபாவளியே தடைபட்டது. தீர்த்தமும் தீர்ப்பும் அதனோடு போயின. மத்தாப்பு வெடி விற்பனை பற்றிய செய்தியும், பாட்டி சுட்ட முறுக்கைப் பற்றிய கட்டுரையும் கொலைச் செய்தியோடு ஒரே கூண்டில் அடைக்கப்பட்டன.

தடைப் பட்டியலே வேண்டாம் என்பது என் வாதமன்று. சூதாட்டத் தளங்களையும், விளம்பரம் காட்டுவதற்கென்றே வெற்றுப் பக்கங்களை அடுக்கிவைத்திருக்கும் தளங்களையும் முகவரி முகவரியாகத் தடுக்கத்தான் வேண்டும். சொற்களைத் தடுப்பதுதான் தமிழுக்கு ஒத்துவரவில்லை. அதைவிட, விளம்பரம் தோன்ற வேண்டிய தளங்களை நாமே தேர்ந்தெடுக்கும் அனுமதிப் பட்டியல் எங்களைப் போன்ற சிறு வணிகர்களுக்கு ஏற்றது. 2017இல் அமெரிக்க வங்கியான ஜேபி மோர்கன் சேஸ், தன் விளம்பரம் தோன்றிவந்த சுமார் 4,00,000 தளங்களில் ஏறத்தாழ 12,000 தளங்களில் மட்டுமே பார்வையாளர்கள் விளம்பரத்தைச் சொடுக்கினார்கள் என்று கண்டு, அவற்றை ஒரு பயிற்சி ஊழியரைக் கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் செய்து, 5,000 தளங்களோடு நிறுத்திக்கொண்டது. பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அறிவித்தது. எங்கள் பட்டியலில் 23 தளங்களே. மகளும் நானும் ஒரே மாலையில் பார்த்து முடித்தோம்.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பார்வை எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆயிரம் பார்வைக்கான விலை கூடியது. ஆனால் பட்டர்வொர்த்திலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும், விளம்பரத்தைப் பார்த்ததாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தவர்கள், அனுமதிப் பட்டியலுக்கு மாறிய அந்தக் கடைசி வாரத்தில்தான் வந்தார்கள்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனதைக் கண்டவர்கள் நாம். நம் வணிகர்கள் கொடுக்கும் காசு டார்ச் செயலிக்குப் போய்ச் சேர்வது எனக்கு உறுத்துகிறது. ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் தளத்தின் சரியான முகவரியைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். நாங்கள் அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம். அடுத்து, தங்கள் விளம்பர இடத்தை விற்க உரிமை பெற்றவர்கள் யார் என்பதை அறிவிக்கும் ‘ஆட்ஸ் டெக்ஸ்ட்’ (ads.txt) கோப்பு தளத்தில் இருக்கிறதா, அதிலுள்ள பெயர்கள் பழையவையா என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பு சரியாக இல்லையென்றால், நாங்கள் தங்கள் பெயரைப் பட்டியலில் எழுதினாலும் விளம்பரம் வந்து சேராமல் போகலாம்.

இப்படிக்கு,
பூசைப் பொருள் வணிகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.