அப்பத்தா பார்த்த வேலை

அன்புள்ள கயல்,

அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. விசா கிடைக்காமல் வர முடியாமல் போனதை நினைத்து மருகிக்கொண்டிருக்காதே. "இத்தனை பேர் ஏம்ப்பா வர்றாங்க, அப்பத்தா அப்படி என்ன வேலை பார்த்தாங்க?" என்று போனில் கேட்டாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். உனக்கு விவரம் தெரியும்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முறுக்குப் பிழியும் அப்பத்தாவைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

கிராம சேவிகாவாகச் சேர்ந்து, ஊர்நல அலுவலராக ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாதர் சங்கம், தடுப்பூசி, முதியோர் உதவித்தொகை மனு என்று எல்லாம் பார்த்தார். ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை ஒன்று உண்டு.

1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் 5,000 ரூபாய். ஊர் அந்தப் பணத்தைப் பார்த்தது, அப்பத்தா அந்த எட்டாம் வகுப்பைப் பிடித்துக்கொண்டார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், ஐந்தாவதோடு நின்றுபோன பெண்பிள்ளைகளின் வீடு வீடாகப் போவார். படிப்பின் அருமையெல்லாம் பேசமாட்டார். "இன்னும் மூணு வருஷம் அனுப்புங்கண்ணே, கல்யாணத்தப்ப சர்க்கார் அஞ்சாயிரம் குடுக்கும்" என்பார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், பள்ளிச் சான்றிதழ் பிறந்த தேதியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பதினாறிலேயே கட்டிக்கொடுக்க இருந்தவர்களும் பொறுத்தார்கள். பணத்துக்காகத்தான் பொறுத்தார்கள், சரி. அந்த இரண்டு வருஷம் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததே, அது சின்ன விஷயமா?

மனுவை அவர் எழுதித் தரமாட்டார். நம் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண்ணையே உட்காரவைத்து, மடியில் பரீட்சை அட்டையைக் கொடுத்து எழுதச் சொல்வார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. கோணல்மாணலாக எழுதினாலும் குறுக்கே பேசமாட்டார். தகப்பன் அவசரப்பட்டால், "இருங்கண்ணே, அது எழுதட்டும்."

அப்போதெல்லாம் பல ஊர்களுக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நடுவில் நடைதான். 1991-இல், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்களோடு சேர்ந்து, நாற்பத்தேழு வயதில் உன் அப்பத்தாவும் கற்றுக்கொண்டார். முழங்காலெல்லாம் சிராய்ப்பு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது நான்தான். பெண்கள் சைக்கிள் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஆண்கள் சைக்கிள்தான் வசதி என்று பல பெண்கள் சொன்னார்கள், முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஓட்டிப்போனார்கள். அதில் எங்கம்மாவும் போனார். அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை, கயல்.

2022-இல் அந்தத் திருமண உதவியைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பழைய திட்டத்தில் பின்னாளில் பணத்தோடு சேர்த்துக் கொடுத்த தாலிக்குத் தங்கம் போய்விட்டதே என்று சிலர் குறைப்பட்டார்கள். அப்பத்தா பேப்பரைப் படித்துவிட்டு, "கல்யாணம்னு சொல்லி ஏமாத்திப் படிக்கவைக்க வேண்டியதில்ல இனிமே" என்றார். அன்று சாயங்காலமே தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு விவரம் சொல்லிவிட்டார். எண்பதை நெருங்கும் வயது அது.

காரியத்துக்கு வந்தவர்களில் ஒரு அம்மா, நம் திண்ணையில் மனு எழுதியவர். இப்போது சத்துணவு அமைப்பாளர். மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். நம்மோடு அடுப்படியில் நின்று பந்தி முடியும்வரை வேலை பார்த்தார். என்னைவிட அவருக்கு அப்பத்தாவைப் பற்றி நிறையத் தெரியும், எங்கம்மா வீட்டில் சொல்லாத சண்டைகளெல்லாம் சொல்கிறார். நீ பொங்கலுக்கு வந்ததும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய்வருவோம். உன்னைப் பார்க்க வேண்டுமாம். அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா