வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அம்மா பேரனைக் காட்டச் சொல்லிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பேருக்குத்தான்பா இது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். சுவரில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் இயேசு, இருக்கு, அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி லேபில் நான் என்னப்பா செய்ய முடியும்?" என்றாய். இரண்டு நாளாக அதே நினைப்பாக இருக்கிறது.

நீ இருக்கும் அமெரிக்காவில் இது, கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பது, பழைய வழக்கு. 1967-ல் விஸ்கான்சினில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் பலர் கூடினார்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகத் தலைவர் ஹெஸ்பர்க் ஃபாதர் முன்னின்று நடத்தினார். பல்கலைக்கழகம் உண்மையான பல்கலைக்கழகமாக இருக்க வேண்டுமென்றால் திருச்சபை அதிகாரமும்கூட அதில் கைவைக்கக் கூடாது என்று அறிக்கை விட்டார்கள். அப்புறம் 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு விழா அன்று, பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான 'எக்ஸ் கோர்தே எக்ளேசியே' ஆவணத்தை வெளியிட்டார். கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒவ்வொருவருடைய மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் மதிக்க வேண்டும் என்றும் அதே ஆவணத்தில் இருக்கிறது. இரண்டாவதை நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதலாவது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளி உனக்குத் தெரியும். ஃபாதர்கள் நடத்தியது, அரசு சம்பளம். பிள்ளைகளில் முக்கால்வாசி இந்துக்கள், சில முஸ்லிம்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 28-ஆவது பிரிவில் இருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மணி அடித்ததும் நம் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார்கள். மற்றவர்கள் வகுப்பிலேயே நன்னெறிக்கு இருப்பார்கள். ஒருநாளும் ஒரு சண்டை வந்ததில்லை. மாதா திருவிழாவுக்குக் கொடிக்கம்பத்தில் காகிதம் ஒட்டியதே அந்த மற்றப் பையன்கள்தான்.

அந்தப் பீரியடைக் கெடுத்தது நாங்கள்தான். பத்தாம் வகுப்புக்குப் போர்ஷன் முடியவில்லை என்று தைமாதம் முதல் அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ஐப்பசியிலேயே எடுத்தேன். அப்புறம் ஒன்பதாவதிலும். 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்ல வேண்டிய நேரத்தில் புணர்ச்சி விதி நடத்தினேன். ஒரு பெற்றோரும் வந்து கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் உனக்குச் சொல்லாத ஒன்று. நீ ஏழாவது படித்த வருஷம், என் ஒன்பதாம் வகுப்பில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். பத்தாவதுக்கு விட்டால் ரிசல்ட் போய்விடும், டி.சி. கொடுத்துவிடுங்கள் என்று முடிவானது. அவன் அப்பத்தா வந்தார். மஞ்சப்பையில் பச்சைக்கடலை. ஆபீஸ் சுவரில் சுரூபம், அதற்கு நேர் கீழே நூறு சதவீதத் தேர்ச்சிக்குக் கிடைத்த கேடயம். 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று என் கையால்தான் எழுதினேன், பாப்பா. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவர் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு, "சாருக்கு" என்று அந்தப் பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளி கத்தோலிக்கப் பள்ளியாக இல்லாமல் போன நாள் எது என்று கேட்டால், நான் அந்த நாளைத்தான் சொல்வேன். அன்றைக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் கத்தோலிக்க ஆசிரியர்கள்தான் பெரும்பான்மை. "இது பாவம் சார்" என்று என்னிடம் சொன்னவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய கணக்கு வாத்தியார்.

இதனால் செபம் வேண்டாம், நல்லவர்களாக இருந்தால் போதும் என்று நான் சொல்வதாக நினைக்காதே. மறைக்கல்விப் பீரியடை நான் விடாமல் நடத்தியிருந்தால், அந்த அப்பத்தாவின் முன்னால் அந்த வரியை எழுத எனக்குக் கை வந்திருக்காது. அப்படித்தான் நம்புகிறேன்.

நம் மதுரைக்கு 1606-ல் வந்த தத்துவ போதகரை நினைத்துப் பார். இத்தாலிக்காரக் குருவான ராபர்ட் தெ நோபிலி காவி கட்டினார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். கூட இருந்த கத்தோலிக்கச் சாமியார்களே அவர்மேல் புகார் எழுதினார்கள். 1623-ல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி அனுமதி கொடுக்கும்வரை அந்த வழக்கு ஓடியது. மாற்ற முடிந்ததை எல்லாம் மாற்றிக்கொண்டவர் விசுவாசத்தில் மட்டும் ஒரு இம்மி விடவில்லை.

உன் லேபுக்கு வருகிறேன். பாடத்துக்குள் சாமியைக் கொண்டுவராதே, அமிலம் அமிலம்தான். ஆனால் கதவைத் திறக்கும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொள். யார் பார்த்தாலும் கையை இறக்காதே. கேட்டால் சொல், கேட்காதவரிடம் சொல்லாதே. உன் வகுப்பில் கடைசியாக மார்க் வாங்குகிற பிள்ளை யார் என்று முதல் மாதத்திலேயே தெரிந்து வைத்துக்கொள். அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கு. துறைத்தலைவர் அந்த நேரத்தில் மீட்டிங் போட்டால் முடியாது என்று சொல். நான் சொல்லாததை நீ சொல்.

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் வரும். பேரனுக்கு முத்தம்.

அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா