‘டேட்ரிக் போடு’ என்று சொல்லும் முன்: ஸ்கைரிம் மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கைரிமில் ஊறிப்போன நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த வீடியோ கேம். 2016இல் ஸ்பெஷல் எடிஷன், 2021இல் ஆனிவர்சரி எடிஷன் என்று மறுபடி மறுபடி வந்ததால், முதல்முறையாக, ஆட்டம் தொடங்கும் ஊரான ஹெல்கனில் தலை தப்பி ஓடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஹெவி ஆர்மர்ல (கனமான கவசத்தில்) எது பெஸ்ட்?” நீங்களும் சட்டென்று “டேட்ரிக்” என்ற கவச வகையைச் சொல்லிவிடுகிறீர்கள்.

அந்தப் பதிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். டேட்ரிக் மோசமான கவசம் என்பதல்ல எங்கள் வாதம். புதியவரின் உயிரைக் காப்பது கவசத்தின் பெயர் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் அவர் ஐம்பது மணி நேரம் தப்பான இடத்தில் உழைக்கிறார்.

கணக்கு இதுதான். கவச எண்ணில் ஒவ்வொரு புள்ளியும் அடியில் 0.12 சதவீதத்தைக் குறைக்கிறது. இதுபோக, உடம்பில் மாட்டும் ஒவ்வொரு கவசத் துண்டுக்கும் திரையில் காட்டாத 25 புள்ளிகள் உண்டு. எவ்வளவு ஏற்றினாலும் 80 சதவீதத்துக்கு மேல் குறையாது. ஆகவே தலை, மார்பு, கை, கால் நான்கும் போட்டவருக்கு இன்வென்டரி திரையில் 567 வந்தால் போதும். கேடயமும் பிடித்தால் 542. அதற்கு மேல் ஏறும் புள்ளி அத்தனையும் வீண்.

இதை ஆரம்ப நிலையில் வைத்துப் பாருங்கள். ஹெவி ஆர்மர் ஸ்கில் (திறமை அளவு) 15, ஒரு பெர்க்கும் (ஸ்கில் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் கூடுதல் பலன்) எடுக்கவில்லை. இரும்பு செட் நான்கு துண்டும் போட்டால் அடிப்படை எண் 60, ஸ்கில்லோடு சேர்த்துத் திரையில் 64. மறைந்திருக்கும் 100ஐயும் கூட்டினால் ஏறக்குறைய 20 சதவீதப் பாதுகாப்பு. அதே ஆளுக்கு எங்கிருந்தோ முழு டேட்ரிக் செட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 108, திரையில் 115, பாதுகாப்பு 26 சதவீதம். இரும்புக்கும் டேட்ரிக்குக்கும் நடுவே ஆறே சதவீதம்! இரும்பு செட்டின் எடை 46, டேட்ரிக்கின் எடை 81. இந்த நிலையில் உள்ளவர் கவசம் தேடி அலையவே வேண்டாம். நான்கு இடத்தையும் நிரப்பிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வெறுங்கையோடு சுற்றுகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது “ஒரு இரும்புக் கையுறையாவது மாட்டு” என்பதுதான்.

வித்தியாசம் உண்டாவது பெர்க்குகளில். ஜக்கர்நாட் ஐந்து படி: ஸ்கில் 0, 20, 40, 60, 80இல் ஒவ்வொன்றாகத் திறக்கும், ஐந்தும் எடுத்தால் கவசம் இரட்டிப்பாகும். வெல் ஃபிட்டட் 30இல், நான்கு துண்டும் ஹெவியாக இருந்தால் 25 சதவீதம் கூடுதல். அதே கிளையில் டவர் ஆஃப் ஸ்ட்ரெங்த்தைத் தாண்டிப் போனால் 70இல் மேட்சிங் செட், நான்கும் ஒரே வகை என்றால் இன்னொரு 25 சதவீதம். இவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக வருகின்றன. ஸ்கில் 100 ஆனால் அந்த ஸ்கில்லுக்கே 1.4 மடங்கு. எல்லாம் சேர்ந்தால் 4.375 மடங்கு.

இனி பட்டறைக்கு வருவோம். ஒர்க் பெஞ்சில் மேம்படுத்தும்போது லெஜண்டரி என்ற உச்சத் தரத்தை எட்டினால் மார்புக் கவசத்துக்கு 20, மற்ற மூன்றுக்கும் தலா 10, மொத்தம் 50 அடிப்படைப் புள்ளி ஏறும். கவனியுங்கள், எந்த உலோகமானாலும் இதே 50தான். அதனால்தான் மட்டமான கவசமும் மேலே வந்துவிடுகிறது. சாதாரண ஸ்டீல் செட்டின் அடிப்படை 72. லெஜண்டரி ஆக்கினால் 122. அதை 4.375ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 534. கேடயம் இல்லாமலேயே 76 சதவீதப் பாதுகாப்பு! ஸ்டீல் கேடயத்தையும் அப்படியே மேம்படுத்திப் பிடித்தால் 542ஐத் தாண்டிவிடும். ஆர்க்கிஷ் என்ற இன்னொரு வகைச் செட் 90 + 50 என்று தொடங்கி 612இல் நிற்கிறது, எல்லைக்கு மேலே. டேட்ரிக் 691 வரை போகிறது. 567க்கு மேல் உள்ள அந்த 124 புள்ளியால் ஒரு அடிகூடக் குறையாது.

“அந்தந்த உலோகத்தின் பெர்க்கோடு லெஜண்டரி ஆக்க ஸ்மிதிங் (கொல்லர் வேலை ஸ்கில்) 91 வேண்டும், டேட்ரிக் பெர்க் 90இலேயே திறக்கிறதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்மிதிங்கை உயர்த்தும் மருந்தும் மந்திரம் ஏற்றிய அணிகளும் 91ஐ முன்கூட்டியே எட்ட உதவும். பெர்க் திறக்க அவை உதவாது, அதற்குச் சொந்த ஸ்கில்தான் வேண்டும். ஆர்க்கிஷ் 50இல் முடிந்துவிடுகிறது. டேட்ரிக்குக்கு எபோனி, டேட்ரிக் என்று இன்னும் இரண்டு பெர்க். மார்புக் கவசம் ஒன்றுக்கே எபோனி இங்காட் (உலோகக் கட்டி) 5, தோல் வார் 3, டேட்ரா இதயம் 1. ஆர்க்கிஷ் மார்புக் கவசத்துக்கு ஓரிகால்கம் இங்காட் 4, இரும்பு 1, தோல் வார் 3. எடையில் 81க்கு 57.

பெர்க் விஷயத்தில் இரண்டு குழிகள் உண்டு. இரும்புக் கவசத்துக்கு மேம்பாட்டை இரட்டிப்பாக்கும் பெர்க்கே கிடையாது. அதனால் இரும்பைத் தொடக்கத்தோடு விட்டுவிடச் சொல்லுங்கள். ஸ்டீல் பிளேட் பார்க்க அருமையாக இருக்கும், மார்புக்கு 40, எடை 38. ஆனால் அதன் பெர்க் அட்வான்ஸ்டு ஆர்மர்ஸ், எல்வனைத் தாண்டி லைட் ஆர்மர் (இலகுவான கவசம்) கிளையில் இருக்கிறது. ட்வார்வன், ஆர்க்கிஷ் என்று ஏறி வந்தவர் அங்கே போய்த் திகைத்து நிற்பார். ட்வார்வன் செட்டின் எடை 75, அதற்குத் தரும் பாதுகாப்பு கொஞ்சம்தான். ஸ்மிதிங் ஏற்ற மட்டும் அந்த உலோகம் நல்லது. ட்வார்வன் மக்களான டுவெமரின் இடிபாடுகளில் வளைந்த தகட்டை எடுக்கச் சொல்லுங்கள், எடை 2தான், உருக்கினால் 3 இங்காட். 25 எடையுள்ள கெட்டிக் கட்டியைத் தூக்கினால் 5தான் வரும்.

அடுத்தது, பலர் உணராமலேயே செய்யும் பெரிய தவறு. தலைக்கவசத்துக்குப் பதில் மந்திரம் ஏற்றிய சர்க்லெட் (தலையில் வைக்கும் வளையம், கவசம் அல்ல). முழு லெஜண்டரி டேட்ரிக் போட்டு, தலையில் மட்டும் சர்க்லெட் வைத்தவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெல் ஃபிட்டட் போச்சு, மேட்சிங் செட் போச்சு, தலைக்கவசத்தின் மறைந்த 25உம் போச்சு. மீதி மூன்று துண்டுக்குத் திரையில் 350. பாதுகாப்பு 51 சதவீதம். 100 புள்ளி அடி விழுந்தால் இவர் 49 வாங்குவார். பக்கத்தில் நான்கும் ஆர்க்கிஷாகப் போட்டு நிற்பவர் 20 வாங்குவார். நான்கு துண்டும் ஹெவிதான், ஆனால் வகை கலந்திருக்கிறது என்றால் இவ்வளவு மோசமில்லை, மேட்சிங் செட் மட்டும் போகும். அப்போதும் டேட்ரிக் கலவை 553ஐத் தாண்டாது. ஒரே வகை ஆர்க்கிஷ் 612. எனவே “எது பெஸ்ட்” என்று கேட்பவரிடம் “நாலும் ஒரே வகையா இருக்கா?” என்று முதலில் கேளுங்கள்.

எடையை நீங்கள் ஏனோ பேசுவதே இல்லை. போட்டிருக்கும் கவசம் கனக்கக் கனக்க ஓட்டத்தில் ஸ்டாமினா வேகமாகக் கரையும், நடையும் தளரும். 70இல் உள்ள கண்டிஷனிங் பெர்க் இதைப் போக்கும், ஆனால் அங்கே போக ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஸ்டீல், குஷன்டு இரண்டையும் எடுத்தாக வேண்டும். மூன்று பெர்க் செலவு. தொட்டால் வரம் தரும் கற்களில் ஒன்றான, சாலிட்யூடு நகருக்கு வடமேற்கே உள்ள ஸ்டீட் கல்லைத் தொட்டால் கவசத்துக்கு எடையே இருக்காது, சுமக்கும் அளவிலும் 100 கூடும், பெர்க் ஒன்றுகூடச் செலவாகாது. ஒரு நேரத்தில் ஒரு கல்லின் வரம்தான் என்பதால், ஸ்கில் ஏறும் வரை ரிவர்வுட் அருகே உள்ள வாரியர் கல், பிறகு ஸ்டீட் என்ற வரிசை நல்லது.

மந்திரம் ஏற்றுவதற்கு முன்பே கவசத்தை மேம்படுத்தி முடிக்கச் சொல்லுங்கள். மந்திரம் ஏறிய கவசத்தை ஒர்க் பெஞ்சில் தொடவே ஸ்மிதிங் 60இல் உள்ள ஆர்க்கேன் பிளாக்ஸ்மித் வேண்டும். எந்த மந்திரம் என்பதிலும் வழிகாட்டுங்கள். எல்லையைத் தொட்டவருக்கு ஹெவி ஆர்மர் ஸ்கில்லை உயர்த்தும் மந்திரத்தால் பயனில்லை.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சாகிறார்கள் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். கவச எண் தடுப்பது வாள், அம்பு, கடி போன்ற உடல் அடியை மட்டுமே. தீ, பனி, மின்னல், டிராகனின் மூச்சு எதையும் அது ஒரு புள்ளிகூடத் தடுக்காது. திரையில் 567ஐப் பார்த்த தெம்பில் பனி மந்திரக்காரனின் முன்னால் நேராக நடந்து போகிறவர் நாலு வீச்சில் விழுவார், ஏன் விழுந்தோம் என்றே புரியாது. மந்திரத் தடுப்பு தனிக் கணக்கு, அதன் எல்லை 85 சதவீதம். லார்டு கல் 25 தரும், கூடவே கவசத்தில் 50. ரிஃப்டனில் மாரா கோயில் வேலையை முடித்தால் 15. பிரெட்டன் இனத்தவருக்குப் பிறவியிலேயே 25. கேடயக்காரர் பிளாக் (அடியைத் தடுக்கும்) ஸ்கில் 50இல் எலமென்டல் புரொடெக்ஷன் எடுத்தால், கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது தீ, பனி, மின்னல் மூன்றும் பாதியாகும். ஸ்டீலிலேயே எல்லையை எட்டிய ஒருவர், டேட்ரிக்குக்குப் போகவிருந்த உழைப்பை இங்கே திருப்பினால் நிஜமாகவே நெடுநாள் வாழ்வார்.

ஆட்டத்தின் கடுமை லெஜண்டரி என்றால் எதிரியின் அடி 3 மடங்கு, மாஸ்டரில் 2 மடங்கு. அங்கே 76க்கும் 80க்கும் உள்ள நாலு சதவீதமும் உறைக்கும். அப்படி ஆடுகிறவருக்குக் கேடயமோ ஆர்க்கிஷோ சொல்லுங்கள். இயல்பான கடுமை நிலையான அடெப்ட்டில் ஆடுகிறவருக்கு ஸ்டீல் போதும்.

அடுத்த முறை ஒருவர் வந்து கேட்டால், அவரது ஹெவி ஆர்மர் ஸ்கில் எத்தனை, ஜக்கர்நாட் எத்தனை படி, தலையில் என்ன, எந்தக் கல், கேடயம் உண்டா என்று விசாரியுங்கள். பிறகு கவசத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹெவி ஆர்மர் போட்டு ஆடும் சில ஆட்டக்காரர்கள்