ஹெல்மெட் அபராதத்துக்கு முகப்படம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலக்கடை, மின்ட், தண்டையார்பேட்டை என்று வட சென்னையில் மாலை நேரத்து வாகனச் சோதனை எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. சோதனையே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் வெறுந்தலையோடு வண்டி ஓட்டுவது உயிரோடு விளையாடும் காரியம். அதற்கு 1,000 ரூபாய் அபராதம் போடுவதில் தவறே இல்லை.

என் கவலை, சலான் போட்ட பிறகு நடப்பதைப் பற்றியது. "இங்க பாரு, நேரா நில்லு" என்று ஓட்டியவரின் முகத்தையும், அடுத்து லைசென்ஸின் இரண்டு பக்கங்களையும் காவலர் தம் சொந்த செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார். "எந்த ஏரியா?" என்ற கேள்விக்கு வியாசர்பாடி, காசிமேடு என்று பதில் சொல்லும் இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அந்தப் படம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், எந்த வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஒரு சலானுக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தாலே இது தேவையற்றது என்பது புரியும். இ-சலான் கருவியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர், வண்டி வகை, இன்சூரன்ஸ் எல்லாம் அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள 'வாகன்' தரவுத்தளத்திலிருந்து வந்துவிடும். லைசென்ஸ் எண்ணைப் போட்டால் லைசென்ஸ் விவரங்கள் உள்ள 'சாரதி' தரவுத்தளத்தில் அதுவும் சரிபார்க்கப்படும். ஆதாரத்துக்கு நம்பர் பிளேட்டும் ஹெல்மெட் இல்லாத தலையும் சேர்ந்து விழுகிற மாதிரி வண்டியின் பின்னாலிருந்து ஒரு படம் போதும். அதையும் கருவியிலேயே எடுக்கலாம்.

சட்டமும் இவ்வளவுதான் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவின்படி சீருடையில் உள்ள காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். காட்டுவது பரிசோதனைக்கு, சொந்த போனில் நகல் எடுத்து வைத்துக்கொள்வதற்கு அல்ல. முகப்படத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தில் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் உள்ளவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க உத்தரவானவர், மாஜிஸ்திரேட் உத்தரவிட்டவர் என்று ஒரு வரையறை உண்டு. ஹெல்மெட் போடாதவர் இதில் எந்த வகையிலும் வரமாட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. அந்த உரிமை சாலை ஓரத்தில் நிற்பவருக்கும் உண்டு.

இது வீண் பயம் என்று சிலர் நினைக்கலாம். தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளை 2021-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள் வெளியாட்கள் ஊடுருவிய செய்தி வந்தது. காவல்துறையின் முறையான அமைப்புக்கே அந்த நிலை என்றால், ஒரு தனி போனின் கேலரியில் கிடக்கும் படத்துக்கு என்ன பாதுகாப்பு? அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுத் தேடும் பொதுமக்களுக்கு உரிமையாளர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். அரசே அவ்வளவு மறைத்துத் தருகிறது. லைசென்ஸ் அட்டையிலோ முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, வீட்டு முகவரி அத்தனையும் அச்சாகி இருக்கிறது.

ஓட்டுநர்கள் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதி 139-இல் 2020 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தத்தின்படி, மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்தை மறுபடி காகிதமாகக் காட்டச் சொல்லக் கூடாது. ஆனால் போன் கேலரியில் இருக்கும் லைசென்ஸ் போட்டோ செல்லாது. பலர் சிக்குவது இங்கேதான். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் நாமே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு மதிப்பில்லை, துறை வழங்கிய ஆவணம் என்ற பகுதியில் இருப்பதற்கே மூல ஆவணத்தின் மதிப்பு. சிக்னல் இல்லாத இடத்தில் டிஜிலாக்கர் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆர்.சி.யையும் லைசென்ஸையும் எம்-பரிவாகன் செயலியில் வீட்டிலேயே சேர்த்து, ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போனைக் கையில் கொடுக்காமல் திரையை மட்டும் காட்டுங்கள். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், ஆண்ட்ராய்டு போன்களில் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 'ஆப் பின்' என்று ஒன்று இருக்கிறது. அதை முன்கூட்டியே இயக்கி, வெளியேறும்போது பின் எண் கேட்கும்படி வைத்துவிட்டால், திறந்திருக்கும் செயலியைத் தாண்டி வேறெதற்குள்ளும் போக முடியாது. ஐபோனில் இதே வேலையை 'கைடட் ஆக்சஸ்' செய்யும்.

வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டு என்று கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. டிக்கியைத் திறப்பது வேறு விஷயம். கஞ்சா இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சோதனையிட அனுமதிக்கிறது. அப்படியென்றால் எந்தச் சட்டப்படி சோதனை என்பதைச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். ஹெல்மெட் வழக்கை சாக்காக வைத்துப் பையைக் கிளறக் கூடாது. அசல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் 206-வது பிரிவின்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம். சீட்டு கேட்டு வாங்காமல் நகராதீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் பழைய நம்பர் பிளேட்டின் எழுத்துகள் சீக்கிரம் உரிந்துவிடும். இரு சக்கர வண்டியின் பின்பக்க எண்கள் 40 மில்லிமீட்டர் உயரமும் 7 மில்லிமீட்டர் தடிமனும் இருக்க வேண்டும். '8' உரிந்து '3' ஆகிவிட்டால் வண்டியை நிறுத்த அதுவே காரணமாகும். கேமராவில் விழுந்தாலோ சலான் வேறு யாருக்கோ போகும். பழைய வண்டியை விற்றவர்கள் 14 நாளுக்குள் படிவம் 29 கொடுத்துப் பெயர் மாற்றாமல் விட்டாலும் இதே கதைதான்: ஓட்டுவது ஒருவர், குறுஞ்செய்தி வருவது இன்னொருவருக்கு. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏதாவது செயலி கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள், அது மோசடி.

காவல்துறைக்கு என் கோரிக்கை சிறியது. வாகனச் சோதனையில் படம் எடுப்பது இ-சலான் கருவியில் மட்டும் என்று எழுத்து மூலம் உத்தரவு வேண்டும். சொந்த போன்களில் ஏற்கெனவே எடுத்த படங்களை அழிக்கவும் அதில் நாள் குறிக்க வேண்டும். சாலைத் தடுப்புகளில் விளம்பரம் எழுத இடம் இருக்கிறது. அதே தடுப்பில் இந்த உத்தரவையும், மீறினால் புகார் சொல்ல ஓர் எண்ணையும் தமிழில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.