மலைக்கு குடி வர்றவங்களுக்கு மொத வருஷத்த பத்தி எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

மலை ஊர்ல போய் செட்டில் ஆகுறத பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் ரொம்ப அழகா இருந்துச்சு, எழுதினவரும் ஆசையாத்தான் எழுதியிருக்கார். ஆனா நானும் இதே மாதிரி ஒரு கட்டுரைய படிச்சிட்டுதான் நாலு வருஷம் முன்னாடி குடும்பத்தோட மலை ஏறினேன், வந்த மொத வருஷம் நாங்க பட்ட பாட்டுல பாதி, யாராச்சும் முன்கூட்டியே ரெண்டு வரி சொல்லியிருந்தா பட்டிருக்கவே வேண்டாம். அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

நாங்க இருக்குறது கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்துல. வந்த மூணாவது நாள் எங்க அத்தை மாடிப்படி ஏறிட்டு நெஞ்ச பிடிச்சுகிட்டு உக்காந்துட்டாங்க, ராத்திரி தூக்கமும் சரியா வரல, நாங்க பயந்து போய் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனோம். அவர்தான் பொறுமையா சொன்னார், இந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல அஞ்சுல நாலு பங்குதான், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் ஆக்சிஜன் அந்த அளவு குறையும், பெரும்பாலானவங்களுக்கு சில நாள்ல மூச்சும் தூக்கமும் சரியாயிடும், ரத்தம் முழுசா பழக வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் மெதுவா நடங்கன்னு. இதயம், நுரையீரல்ல பிரச்சனை இருக்குறவங்களும் ரத்தசோகை இருக்குறவங்களும் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர கேட்டுக்கணும்னும் சொன்னார். இத நாங்க கீழ இருக்கும்போதே தெரிஞ்சுகிட்டிருக்கணும்.

அடுப்படி கதை சின்னதுதான். தண்ணி இங்க சுமார் 93 டிகிரியிலயே கொதிச்சுடும், தளதளன்னு கொதிக்குதேன்னு பாத்தா உள்ள வச்சது சீக்கிரம் வேகாது. குக்கர் இருந்தா கவலை இல்ல. வெயில் விஷயம்தான் நிறைய பேருக்கு தெரியாது, குளிருதேன்னு தலைய மூடாம சுத்துவாங்க, ஆனா 1,000 மீட்டர் ஏறினா புற ஊதா கதிர் பத்து சதவீதத்துக்கு மேல கூடும், என் பையனுக்கு மொத மாசமே மூக்கும் கன்னமும் தோல் உரிஞ்சு போச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மொத குளிர்காலத்துல ஒரு ராத்திரி குளிர் தாங்க முடியாம ஒரு இரும்புச் சட்டியில கரி கங்கு போட்டு படுக்குற ரூம்ல வச்சோம். புகையே இல்ல, நல்லா கனிஞ்ச கங்கு, ரூமும் கதகதன்னு ஆயிடுச்சு, குளிர் காத்து வருதுன்னு கதவிடுக்குல பழைய போர்வைய வேற திணிச்சு வச்சேன். நடு ராத்திரி என் பொண்ணு தலை வலிக்குதுன்னு அழுதுச்சு, எந்திரிச்சு நின்னா எனக்கு கால் நிக்கல, வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. எப்படியோ ஜன்னல திறந்து விட்டு எல்லாரையும் வெளிய இழுத்துட்டு வந்தோம், வாசல்ல போர்வைய போத்திகிட்டு விடியுற வரைக்கும் உக்காந்திருந்தோம். கரி எரியுறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் பிடிச்சுக்க வேண்டிய இடத்த அது 200 மடங்குக்கு மேல பலமா பிடிச்சுக்கும்னு மறுநாள் ஆஸ்பத்திரியில சொன்னப்பதான் எனக்கு கை நடுங்குச்சு. புகை வரலைன்னா ஆபத்து இல்லன்னு நான் நெனச்சிருந்தேன். அந்தப் புள்ள அழாம தூங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் சில ராத்திரி யோசிக்கிறேன். ஆசிரியர் அவர்களே, வேற எதுவும் போடாட்டியும் பரவாயில்ல, மூடின ரூம்ல கரி கங்கு வச்சுட்டு தூங்காதீங்கன்னு இந்த ஒரு வரிய ஒவ்வொரு குளிருக்கும் முன்னாடி பெரிய எழுத்துல போடுங்க.

வீடு பாக்குறத பத்தியும் சொல்லணும். எங்களுக்கு வீடு காட்டினவர் நல்ல வெயில் காலத்துல, நடு மத்தியானத்துல கூட்டிட்டு போய் காட்டினார். பள்ளத்துல இருந்த வீடு, சுத்தி மலை, பாக்க சொர்க்கம். குடி வந்தப்பறம்தான் தெரியுது, மூணரை மணிக்கெல்லாம் சூரியன் மலைக்கு பின்னாடி போயிடும். குளிர்ந்த காத்து கனமா இருக்கும், ராத்திரியில சரிவுல தண்ணி மாதிரி வழிஞ்சு வந்து பள்ளத்துல தேங்கிடும், அதனால மேட்டுல இருக்குற வீட்ட விட எங்க வீட்டு வாசல்லதான் உறைபனி மொதல்ல விழும். துணி காயாது, அலமாரியில பூஞ்சை. யாராச்சும் மலையில வீடு பாக்குறதா இருந்தா அடை மழையில ஒரு தடவையும் குளிர் காலத்துல சாயங்காலம் ஒரு தடவையும் வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வீட்டுக்கு பின்னாடி ஒரு தடுப்புச் சுவர் இருக்கு, ஆளுயரத்துக்கு மேல. அதுல அங்கங்க குழாய் முனை நீட்டிகிட்டு இருந்துச்சு, மழை பெஞ்சா செம்மண் தண்ணி அதுவழியா வந்து முத்தமெல்லாம் சேறாகும். எனக்கு அது எதுக்குன்னே தெரியாது, ஒரு ஞாயித்துக்கிழமை சிமெண்ட் குழைச்சு எல்லாத்தையும் அடைச்சிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரமா வந்தவர் அத பாத்தார். ஒண்ணும் பேசல, வீட்டுக்கு போய் கடப்பாரைய எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணா குத்தி திறந்து விட்டார். அப்பறம்தான் சொன்னார், "தம்பி, மலை குடிக்கிற தண்ணி எங்கயாவது வெளிய வந்தாகணும், நீங்க வழிய அடைச்சா சுவர தள்ளிகிட்டு வரும்"னு. அன்னைக்கு அவர் கூட சரிவு முழுக்க நடந்தேன். ஊத்துல தெளிவா வர்ற தண்ணி திடீர்னு கலங்கினாலோ, தரையில புது விரிசல் விட்டாலோ, நேரா இருந்த மரமும் கம்பமும் சாய ஆரம்பிச்சாலோ, கதவு ஜன்னல் காரணமில்லாம இறுகினாலோ சாமான எடுக்க நிக்காம ஆள் மொதல்ல வெளிய வரணும்னு சொல்லிக் குடுத்தார். கார் நிறுத்த பின்பக்கம் மண்ண வெட்டலாம்னு நான் வச்சிருந்த பிளான அன்னைக்கே விட்டுட்டேன், சரிவோட அடியில வெட்டுறது மேல இருக்குற மண்ணுக்கு இருக்குற பிடிமானத்தையே எடுக்குற மாதிரி.

எனக்கு பக்கத்து வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தார். புதுசா வர்ற எல்லாருக்கும் இருக்கணும்னு இல்ல. வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு ஆனதுக்கப்பறம் சின்னப் புள்ளைங்கள தூக்கிகிட்டு எத்தன பேர் வர்றாங்க, அவங்க படிக்கிறது உங்க பத்திரிகையத்தான். ஒரு பக்கம் போதும், அடுத்த தடவை பூ படத்த கொஞ்சம் சின்னதாக்கிட்டு இதயெல்லாம் போடுங்க, இங்கயே பொறந்து வளந்தவங்கள கேட்டு எழுதுங்க, நான் எழுதினத விட அவங்களுக்கு நூறு மடங்கு தெரியும்.

பெரியவர் இப்ப மகன் வீட்டோட போயிட்டார். இன்னைக்கு காலையில நல்ல மழை, குடைய பிடிச்சுகிட்டு பின்னாடி போய் பாத்துட்டு வந்துதான் இத எழுத உக்காந்தேன், ஒன்பது குழாயிலயும் தண்ணி வருது.

அன்புடன்,
மலையிலிருந்து ஒரு வாசகர்