லுவார் நதிக்கரைக்குப் போகும் மகளுக்கு

புதுச்சேரி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம் என்று உன் கடிதத்தில் அறிந்து மகிழ்ந்தோம். வரும் மே மாதம் மூன்று நாள் விடுப்பில் ம்யூனிக்கிலிருந்து காரில் போய், பிரான்சின் லுவார் நதிப் பள்ளத்தாக்கில் எட்டுக் கோட்டைகளைப் பார்க்கப்போவதாக எழுதி, அவற்றில் எவற்றை விட்டுவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறாய். பள்ளியில் வரலாறு நடத்தியவள் என்ற முறையிலும், அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவரோடு அந்தக் கரையில் சைக்கிளில் போய் வந்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன்: எட்டு வேண்டாம், மூன்று போதும். காரைப் புளுவா நகரில் நிறுத்திவிட்டு, மூவரும் சைக்கிளில் போங்கள்.

காரில் போனால் ஒரு வாகன நிறுத்தத்திலிருந்து இன்னொரு வாகன நிறுத்தத்துக்குத்தான் போவாய். நடுவில் இருக்கும் நதி கண்ணில் படாது. அந்த நதியை விட்டுவிட்டு அந்தக் கோட்டைகளைப் புரிந்துகொள்ள முடியாது. கரையோரப் பாறைகளை வெட்டி எடுத்த துஃபோ என்ற மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லால்தான் அவற்றில் பலவும் கட்டப்பட்டன. கல் வெட்டிய குகைகளிலே இன்றும் திராட்சை மதுவை முதிர வைக்கிறார்கள், காளான் வளர்க்கிறார்கள், சிலர் முகப்பில் கதவும் சன்னலும் வைத்துக் குடியிருக்கவும் செய்கிறார்கள். கல்லும் சரக்கும் தட்டையான அடி கொண்ட படகுகளில் நதிவழியே போயின. வெள்ளத்தைத் தடுக்க நூற்றாண்டுக் கணக்கில் உயர்த்திக்கொண்டே வந்த கரைகளின் மேல்தான் சைக்கிள் பாதையின் பெரும்பகுதி போகிறது. பழைய வீடுகளின் சுவர்களைக் கவனித்துக்கொண்டே போ. சில இடங்களில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் 1846, 1856, 1866 என்ற ஆண்டுகளில் ஒன்றும் கல்லில் செதுக்கியிருக்கும். அந்த ஆண்டு வெள்ளம் ஏறி நின்ற உயரம் அது. அவற்றில் ஒன்று அப்பாவின் தலைக்கு மேலே இருந்தது. கோடையில் மணல்திட்டுகளுக்கு நடுவே சிறிதாக ஓடும் அதே நதி அவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்பதை நேரில் பார்த்தபோதுதான், மன்னர்களும் பிரபுக்களும் ஏன் மேட்டிலும் பாறையிலும் இடம் தேடினார்கள் என்பது எனக்கு விளங்கியது.

பாதையைப் பற்றிக் கவலைப்படாதே. நெவேர் அருகிலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு அடையாளப் பலகைகளோடு அமைந்த ‘லுவார் ஆ வெலோ’ என்ற வழி அது. கருங்கடல் வரை நீளும் ஐரோப்பிய சைக்கிள் பாதையின் ஒரு பகுதியும்கூட. பெரும்பாலும் சமதளம். பேரனைப் பின்னிருக்கையிலோ டிரெய்லரிலோ உட்கார வைத்துக்கொள்ளலாம்; ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், பின்னால் அமர்ந்து வந்தாலும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது பிரான்சில் 2017 முதல் சட்டம்.

முதல் நாள் ஷாம்போர். புளுவாவிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பிற்பாதி காட்டு வழி. அந்தக் காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் நீளத்துக்கு மதிற்சுவர் இருக்கிறது. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் தொடங்கிய கட்டடம் இது. பகைவரைத் தடுப்பதற்காக அல்ல, வேட்டைக்கும் தன் பெருமையைக் காட்டுவதற்கும் கட்டினார். முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சியில் அவர் அங்கே தங்கிய நாட்களை எல்லாம் சேர்த்தாலும் மூன்று மாதம் தேறாது. நடுவிலுள்ள படிக்கட்டில் பேரனோடு நீ ஒரு வழியிலும் மாப்பிள்ளை இன்னொரு வழியிலும் ஏறுங்கள். ஒரே அச்சைச் சுற்றி இரண்டு திருகு படிக்கட்டுகள் பின்னி ஏறுவதால், நடுவிலுள்ள திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் மேலே போகும் வரை எதிர்ப்பட மாட்டீர்கள். அதை லியொனார்டோ டா வின்சி வரைந்தார் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். ஆவணம் எதுவும் இல்லை. அவர் 1516-இல் இதே நதிக்கரையிலுள்ள அம்புவாஸ் நகருக்கு வந்து, ஷாம்போரின் வேலை தொடங்கிய அதே 1519-இல் மே 2 அன்று அங்கேயே இறந்தார் என்பது மட்டும் உறுதி.

இரண்டாம் நாள் புளுவாவிலிருந்து நதியை ஒட்டியே அம்புவாஸ் வரை போங்கள். 40 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். வழியில் ஷோமோன் கோட்டை தெரியும். கீழே கரையிலிருந்து பார்த்தாலே போதும், உள்ளே போனால் அன்றைய பொழுது போய்விடும். கிராமத்து உணவகங்களில் நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். திங்கட்கிழமையில் பல ரொட்டிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள். சேன்த்-மோர் என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கிடைத்தால் வாங்கு. சாம்பல் பூசிய நீண்ட உருளை. அதன் நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். முதலில் அந்தத் தண்டை மெல்ல உருவிவிட்டுப் பிறகுதான் வெட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் அம்புவாசிலிருந்து தெற்கே ஷெனொன்சோவுக்குப் புறப்படும்போது, ஊரைத் தாண்டியதும் ஷான்தெலூ என்ற இடத்தில் அவசியம் இறங்கு. 44 மீட்டர் உயரத்தில், ஏழு அடுக்குகளோடு, சீனப் பாணியில் ஒரு கோபுரம் தனியாக நிற்கும். அதைக் கட்டிய ஷுவாசேல் பிரபுவுக்கும் நாம் வாழும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி அது பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தபோது, பதினைந்தாம் லூயி மன்னரின் முதன்மை அமைச்சராக இருந்தவர் அவர்தான். 1770-இல் மன்னரின் சினத்துக்கு ஆளாகிப் பதவி இழந்து ஷான்தெலூவுக்கு அனுப்பப்பட்டார். மன்னருக்கு அஞ்சாமல் அங்கே தன்னைத் தேடி வந்த நண்பர்களுக்கு நன்றியாகப் பின்னாளில் இந்தக் கோபுரத்தை எழுப்பி, அவர்கள் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறித்து வைத்தார். அவருடைய மாளிகையை 1823-இல் இடித்துவிட்டார்கள். நன்றிக்காகக் கட்டியது மட்டும் நிற்கிறது. இங்கே நாம் நடக்கும் தெருக்கள் அந்த 1763-க்குப் பிறகு மீண்டும் எழுந்தவை என்பதால், சுற்றுலாக்காரர்கள் அதிகம் நிற்காத அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்தது.

பிறகு காட்டைக் கடந்தால் ஷெனொன்சோ. நேரத்தில் பெரும்பகுதியை இதற்கு வைத்துக்கொள். ஷெர் நதியின் குறுக்கே நிற்கும் இந்த மாளிகையைப் பெண்கள்தான் உருவாக்கினார்கள், பெண்கள்தான் காப்பாற்றினார்கள். கணவர் இத்தாலியப் போர்களில் இருந்தபோது கட்டுமானத்தை மேற்பார்த்தவர் காத்தரின் பிரிசொனே. நதியின் மேல் பாலம் போட்டவர் இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி தியான் த புவாத்தியே. 1559-இல் மன்னர் இறந்ததும், அரசி கத்தரீன் த மெதிசி மாளிகையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நீங்கள் முந்தின நாள் பார்த்த ஷோமோனைக் கொடுத்து அனுப்பினார். பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடத்தையும் எழுப்பினார். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பதித்த அந்தத் தரையில் நடக்கும்போது குனிந்து பார்: கறுப்பு, பலகைக்கல்; வெள்ளை, அதே துஃபோ. முதல் உலகப் போரில் இந்தக் கூடம் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இங்கே சிகிச்சை பெற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஷெர் நதியே எல்லைக்கோடாக ஆனபோது, முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியிலும் கூடத்தின் தென்கோடிக் கதவு அவர்கள் பிடிக்காத பகுதியிலும் இருந்தன. அந்தக் கதவு வழியே தப்பிப் போனவர்கள் உண்டு. அதன் அருகே சற்று நேரம் நின்று, பேரனுக்குப் புரிகிற அளவில் சொல்.

ரயில் நிலையம் மாளிகையின் வாசலை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து தூர் நகருக்குப் போய், வண்டி மாறிப் புளுவாவில் காரை எடுத்துக்கொள்ளலாம். வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தடத்தில் வண்டிகள் அடிக்கடி கிடையா, ஆகவே நேர அட்டவணையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள். மாலை வண்டியைத் தேர்ந்தெடுத்தால் மாளிகையில் அவசரப்பட வேண்டியிருக்காது. தேதி முடிவானதும் எழுது. நாங்கள் பயன்படுத்திய வழிப்படத்தை அப்பா குறிப்புகளோடு அனுப்பி வைப்பார்.

அன்புடன்,
அம்மா